நிறம் கூடினால் சரக்கும் கூடும்
பாட்டுப் பெட்டிகள் சொல்லித் தரும் வியாபாரக் கணக்கு

கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒரு பொருளின் தரத்தையும் விலையையும் விசாரித்து முடித்த பிறகு கடைசியாகக் கேட்பது, "வேற கலர் உண்டுமா அண்ணாச்சி?" என்பதுதான். "உண்டு" என்று பதில் சொல்வதற்காக நாம் எவ்வளவு முதல் போடுகிறோம், அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று தனியாகக் கணக்குப் பார்க்கும் வணிகர்கள் குறைவு. வாளி, குடம், டார்ச் லைட், குடை, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் என்று மளிகைக் கடையில் வைத்து விற்கும் பொருள்கள்கூட இன்று ஐந்தாறு நிறங்களில் வருகின்றன. பில்லில் அது ஒரே இனம். அலமாரியில் அது ஆறு இனம்.

இந்த விஷயத்தைப் புரிந்து கொள்ளக் கையில் எடுத்துச் செல்லும் பாட்டுப் பெட்டிகளின் கதை நன்றாக உதவும். டிரான்சிஸ்டர், வாக்மேன், ஐபாட், கார்வான் என்று சுமார் 70 ஆண்டுகளில் இந்தப் பெட்டிகளின் நிறங்கள் கூடின, குறைந்தன, மறுபடி கூடின. உலகப் பெரிய கம்பெனிகள் நிறத்தை எப்படிக் கையாண்டன என்று தெரிந்து கொண்டால், நம் சிறு கடைகளில் நாம் எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

பழுப்பும் கறுப்பும் ஏன்?

ஆரம்ப கால ரேடியோக்களுக்கு மரப்பெட்டிதான் உடம்பு. அதன் பிறகு வந்தது பேக்கலைட். 1907-ல் லியோ பேக்கலண்ட் என்பவர் கண்டுபிடித்த இந்தப் பிளாஸ்டிக், இயல்பிலேயே கருமை கலந்தது. அதில் வெளிர் நிறங்களைக் கொண்டு வருவது கடினம். ஆகவே பழைய ரேடியோக்களும், மின்சார சுவிட்சுகளும், தொலைபேசிகளும் பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தன. வாடிக்கையாளர் கேட்டதால் வந்த நிறமல்ல அது. பொருள் அனுமதித்த நிறம்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கொண்டு சட்டைப் பையில் வைக்கும் அளவில் வந்த முதல் ரேடியோ, 1954-ல் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டி.ஆர்.-1. நான்கு டிரான்சிஸ்டர்கள் கொண்ட அதன் விலை 49.95 டாலர். அதற்குள் நிறத்தை எளிதில் ஏற்கும் புதிய பிளாஸ்டிக்குகள் வந்து விட்டன. எனவே கறுப்பு, தந்த வெள்ளை, சிவப்பு, சாம்பல் என்று பல நிறங்களில் அது வந்தது. 1957-ல் ஜப்பானிலிருந்து ஏற்றுமதியான சோனி டி.ஆர்.-63 ரேடியோவும் பச்சை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நிறங்களில் வந்தது.

பிளாஸ்டிக்கில் நிறம் சேர்ப்பதற்குச் செலவு அதிகமில்லை. வெள்ளைக் குருணையுடன் சிறிதளவு வண்ணக் குருணையைக் கலந்து உருக்கினால் போதும். ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும்போது இயந்திரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதுதான் தொழிற்சாலைக்கு உள்ள முக்கியமான தொல்லை. அதையும் குறைக்க, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போவார்கள். ஆக, உற்பத்தியாளருக்கு நிறம் மலிவு. அந்த மலிவின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தோல் உறைக்குள் மறைந்த நிறம்

நம் நாஞ்சில் நாட்டில் டிரான்சிஸ்டர் என்றாலே நினைவுக்கு வருவது அதன் தோல் உறைதான். ஒலி வருவதற்குத் துளைகள் போட்ட பழுப்பு உறை, தோளில் மாட்ட ஒரு வார். வயல் வரப்பிலும், டீக்கடைத் திண்ணையிலும், வள்ளங்கள் கரையேறும் கடற்புறத்திலும் இலங்கை வானொலியும் திருநெல்வேலி வானொலியும் அந்த உறைக்குள்ளிருந்துதான் பாடின. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலில் தொடங்கப்பட்டது என்பது நம் மாவட்டத்துக்குப் பெருமை.

உறைக்குள் பெட்டி என்ன நிறம் என்று யாரும் கவலைப்படவில்லை. பெட்டி விலை உயர்ந்தது, பல ஆண்டு உழைக்க வேண்டியது, உப்புக் காற்றிலும் தூசியிலும் கெடாமல் இருக்க வேண்டியது. இப்படிப்பட்ட பொருளுக்கு வாடிக்கையாளர் நிறம் கேட்பதில்லை. வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்கள் கொண்டு வந்த டூ-இன்-ஒன் பெட்டிகளிலும் இதே நிலைதான். வெள்ளி நிறம் அல்லது கறுப்பு, அவ்வளவே. கம்பெனிப் பெயரைத்தான் கேட்டார்கள்.

இதிலிருந்து ஒரு பொது விதியை எடுத்துக் கொள்ளலாம். ஒரு பொருள் வீட்டுக்கு ஒன்று என்று இருக்கும்வரை நிறத்துக்கு மதிப்பு குறைவு. ஆளுக்கு ஒன்று என்று ஆகும்போது, 'என்னுடையது' என்று காட்ட நிறம் தேவைப்படுகிறது.

வாக்மேன்: முதலில் ஒன்று, பிறகு பல

ஆளுக்கு ஒரு பாட்டுப் பெட்டி என்ற நிலையைக் கொண்டு வந்தது சோனியின் வாக்மேன். 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் 33,000 யென் விலையில் அது விற்பனைக்கு வந்தது. முதல் தயாரிப்பு 30,000 பெட்டிகள். நிறம் ஒரே வகை: நீலமும் வெள்ளியும் கலந்த உலோக உடல். விற்குமா விற்காதா என்று தெரியாத புதுப் பொருளுக்குச் சோனி ஒரே நிறத்தைத்தான் வைத்தது. முதல் மாதம் விற்பனை மந்தம். ஆகஸ்டு மாதத்திலேயே சரக்குத் தீர்ந்தது.

பொருள் நிலைபெற்ற பிறகு, 1981-ல் வந்த இரண்டாவது மாடலில் சிவப்பு, கறுப்பு, வெள்ளி என்று நிறங்கள் வந்தன. 1983-ல் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் 'ஸ்போர்ட்ஸ் வாக்மேன்' பளிச்சென்ற மஞ்சளில் வந்தது. அந்த மஞ்சளைத் தூரத்தில் பார்த்தாலே, இது ஓடுபவருக்கும் கடற்கரைக்குப் போகிறவருக்கும் உரியது என்று தெரிந்து விடும். பின்னர் குழந்தைகளுக்கென்று வந்த 'மை ஃபர்ஸ்ட் சோனி' பொருள்கள் சிவப்பில் வந்தன. அங்கே நிறம் ஒரு விளம்பரப் பலகையின் வேலையைச் செய்தது. கேசட் வாக்மேன் உற்பத்தி ஜப்பானில் 2010-ல் நிறுத்தப்பட்டது.

ஐபாட்: ஆறில் நிறுத்திய கணக்கு

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் கம்பெனி 399 டாலர் விலையில் அறிமுகப்படுத்திய ஐபாட், வெள்ளை நிறத்தில் மட்டும் வந்தது. மற்றவர்களுடைய காதுக் கம்பிகள் கறுப்பாக இருந்த காலத்தில் இதன் கம்பியும் வெள்ளை. பெட்டி பைக்குள் இருந்தாலும் கம்பியைப் பார்த்தே கம்பெனியைச் சொல்லி விடலாம். ஒரே நிறத்தை வைத்துக்கொண்டே பெயர் வாங்கலாம் என்பதற்கு இது சான்று.

2004 ஜனவரியில் ஐபாட் மினி வந்தது. அலுமினியத்தை மின்சார முறையில் பதப்படுத்தினால் அதன் மேற்பரப்பில் நுண்ணிய துளைகள் உண்டாகும். அதில் சாயம் ஏற்றி மூடினால் நிறம் உரியாது. இந்த முறையில் வெள்ளி, தங்கம், நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்கள் வந்தன. சுமார் ஓராண்டு கழித்து, 2005 பிப்ரவரியில் அடுத்த மினி வந்தபோது தங்க நிறம் இல்லை. மற்ற வண்ணங்கள் முன்னைவிட அழுத்தமாக வந்தன. விற்கிற நிறத்தை எந்தக் கம்பெனியும் நிறுத்தாது என்பது வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இதே கம்பெனியின் தங்க நிற ஐபோன் 2013-ல் வந்தபோது மிகவும் தேடப்பட்டது. ஒரு நிறம் ஒரு பொருளில் படுத்து விட்டது என்பதால் எல்லாப் பொருளிலும் படுக்கும் என்றும் சொல்ல முடியாது. நிறத்தை ஊகிப்பது அவ்வளவு கடினம்.

2006 செப்டம்பரில் வந்த இரண்டாவது ஐபாட் நானோவை நம் வணிகர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். அது 2 ஜிபி, 4 ஜிபி, 8 ஜிபி என மூன்று கொள்ளளவில் வந்தது. நிறங்கள் ஐந்து: வெள்ளி, பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு. எல்லாவற்றிலும் எல்லா நிறமும் போட்டால் 15 இனங்கள் ஆகும். ஆப்பிள் அப்படிச் செய்யவில்லை. விலை குறைந்த 2 ஜிபி வெள்ளியில் மட்டும்; விலை உயர்ந்த 8 ஜிபி கறுப்பில் மட்டும்; நடுவில் அதிகம் போகக்கூடிய 4 ஜிபியில் கறுப்பு தவிர்த்த நான்கு நிறங்கள். மொத்தம் 6 இனங்கள். அடுத்த மாதம் 4 ஜிபியில் ஒரு சிவப்பைச் சேர்த்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி, அவ்வளவு பணம் கையில் வைத்துக்கொண்டு, 15-க்குப் பதில் 6-ல் தொடங்கியது.

2008 செப்டம்பரில்தான், விற்பனை உச்சத்தில் இருந்த நேரத்தில், நானோ ஒன்பது நிறங்களில் வந்தது. இரண்டு கொள்ளளவுடன் சேர்த்து 18 இனங்கள். அப்போதும் சிவப்பு நிறத்தைத் தன் சொந்தக் கடைகளில் மட்டும் விற்றது. பாட்டுக் கேட்கும் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்ட பிறகு, 2017-ல் நானோவும், 2022 மே மாதம் கடைசி ஐபாடும் நிறுத்தப்பட்டன. ஒன்பது நிறமும் அந்த வீழ்ச்சியைத் தடுக்கவில்லை.

பழுப்பு தந்த பாடம்

2006 நவம்பரில் ஐபாடுக்குப் போட்டியாக மைக்ரோசாப்ட் 'சூன்' என்ற பாட்டுப் பெட்டியைக் கொண்டு வந்தது. கறுப்பு, வெள்ளை, பழுப்பு என மூன்று நிறங்கள். அந்தப் பழுப்பு நிறம் பத்திரிகைகளில் கேலிப் பொருளானது. சில ஆண்டுகளில் அந்தப் பெட்டியே நின்று போனது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் புதிதாகச் சந்தைக்கு வரும் பொருளுக்குப் பழக்கமில்லாத நிறத்தைக் கொடுத்தால், வாடிக்கையாளரின் பேச்சு பொருளை விட்டு நிறத்துக்குப் போய் விடும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இதற்கு நேர்மாறானது நம் நாட்டு உதாரணம். முன்பு எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனிதான் இன்றைய சரிகம. அந்த நிறுவனம் 2017-ல் 5,000 பழைய பாடல்களைப் பதிந்து 'கார்வான்' என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. பின்னர் தமிழ்ப் பாடல்களுடனும் வந்தது. தோற்றம் அறுபதுகளின் டிரான்சிஸ்டர் போல. அதன் நிறங்களில் மரப் பழுப்பு, செம்மர நிறம் ஆகியவையும் இருந்தன. அமெரிக்காவில் கேலியான பழுப்பு, பழைய மரப்பெட்டி ரேடியோவை நினைவூட்டும் இந்தப் பெட்டிக்குப் பொருத்தமாக அமைந்தது. யார் வாங்குகிறார், யாருக்காக வாங்குகிறார் என்பதைப் பார்த்து வைத்த நிறம் அது. பெற்றோருக்குப் பரிசாகப் பிள்ளைகள் வாங்கும் பொருளல்லவா?

நிறத்தில் இரண்டு வகை

மேலே சொன்னவற்றைப் பார்த்தால் நிறம் இரண்டு வேலைகளைச் செய்வது விளங்கும். ஒன்று, அடையாளம் சொல்லும் நிறம். ஆவின் பால் பாக்கெட்டில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்றால் உள்ளே இருக்கும் பாலின் வகை வேறு. மஞ்சள் ஸ்போர்ட்ஸ் வாக்மேனும் இந்த வகை. இங்கே நிறம் விற்பனைக்கு உதவுகிறது. நிறத்தால் சரக்குத் தேங்குவதில்லை.

மற்றொன்று, ஆசைக்கான நிறம். உள்ளே இருக்கும் பொருள் ஒன்றே. வெளியே மட்டும் வேறு. ஒன்பது நிற நானோ இந்த வகை. வாளியும் குடமும் தண்ணீர் பாட்டிலும் இந்த வகைதான். தேங்கும் சரக்கு இதில்தான் உண்டாகிறது.

பல் துலக்கும் பிரஷ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கு நிறம் வாங்குவது, மாறிப் போகாமல் இருப்பதற்காக. ஆகவே அதில் நிறங்கள் சமமாகப் போகும். கலந்து வாங்குவதில் பயமில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: நிறம் இங்கே என்ன வேலை செய்கிறது?

கலந்த பெட்டியின் கணக்கு

இப்போது நம் கடைக்கு வருவோம். பாட்டுப் பாடும் சிறிய ஸ்பீக்கரோ, தண்ணீர் பாட்டிலோ, எதுவானாலும் மொத்தக் கடையிலிருந்து வருவது கலர் கலந்த பெட்டி. உதாரணத்துக்கு ஒரு பெட்டியில் 24 உருப்படி: சிவப்பு 6, நீலம் 6, கறுப்பு 6, பழுப்பு 6. கொள்முதல் விலை ரூ.250, விற்பனை விலை ரூ.290, ஒன்றுக்கு லாபம் ரூ.40 என்று வைத்துக் கொள்வோம்.

சிவப்பு 6, நீலம் 6, கறுப்பு 4, பழுப்பு 1 விற்ற நிலையில் வாடிக்கையாளர் சிவப்பும் நீலமும் கேட்கிறார். இல்லை என்று சொல்ல மனம் வராமல் அடுத்த பெட்டி வாங்குகிறோம். இப்படியே ஆறு பெட்டி. கணக்கு இவ்வாறு வரும்:

வாங்கியது 144 உருப்படி. போட்ட பணம் ரூ.36,000.
விற்றது 102 உருப்படி. வந்த பணம் ரூ.29,580.
மீதம் கறுப்பு 12, பழுப்பு 30. ஆக 42 உருப்படி. அடக்க விலை ரூ.10,500.

பேரேட்டில் பார்த்தால் லாபம் ரூ.4,080. கல்லாவில் பார்த்தால் ரூ.6,420 குறைவு. அந்த 42 உருப்படியையும் பாதி அடக்க விலைக்குத் தள்ளினால் ரூ.5,250 கிடைக்கும். மொத்த வரவு ரூ.34,830, நஷ்டம் ரூ.1,170. நன்றாக விற்ற சரக்கு என்று நாம் நினைத்தது நஷ்டத்தில் முடிகிறது. இதில் வட்டியும், அலமாரி இடமும், அழுக்கும் சேரவில்லை.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே சரக்கு வைக்க வேண்டியிருப்பதுதான் இதன் காரணம். ஒரு மாதத்துக்கு இருபது பாட்டில் போகும் என்று நம்மால் ஏறக்குறையச் சொல்ல முடியும். அதில் எத்தனை பச்சை என்று சொல்ல முடியாது. மொத்தத்தில் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடு செய்யும். தனித்தனி நிறத்தில் ஈடு செய்யாது. நிறம் கூடக் கூட, அதே விற்பனைக்கு அதிகச் சரக்குத் தேவைப்படும். தொழிற்சாலைக்கு மலிவாக இருந்த நிறத்தின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் சில்லறை வணிகர்தான்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. புதுப் பொருளை ஒரு நிறத்திலோ இரண்டு நிறத்திலோ தொடங்குங்கள். பொருள் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு நிறத்தைக் கூட்டலாம். வாக்மேனும் ஐபாடும் அப்படித்தான் வந்தன.

2. அளவு மூன்று, நிறம் ஐந்து என்று வந்தால் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். அதிகம் போகும் அளவில் மட்டும் பல நிறம். மற்ற அளவுகளில் ஒவ்வொரு நிறம். ஆறு இனக் கணக்கை நினைவில் வையுங்கள்.

3. ஒரு சிறு நோட்டில் நிறவாரியாக விற்பனையைக் குறியுங்கள். ஒரு கோடு போட ஒரு நொடி போதும். மூன்று மாதத்தில் உங்கள் தெருவின் ரசனை தெரிந்து விடும். வடசேரியில் போகும் நிறம் குளச்சலில் போக வேண்டும் என்பதில்லை. ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல் சமயத்து விற்பனையைத் தனியாகக் குறிப்பது நல்லது.

4. மொத்த வியாபாரியிடம் நிறம் பிரித்துக் கேளுங்கள். முழுப் பெட்டி வாங்குகிறவருக்கு நிறம் பிரித்துத் தருவதில் மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் வேலை கூடும் என்பது உண்மை. ஆனால் சில்லறைக் கடையில் முதல் முடங்கினால் எங்களுக்கு வர வேண்டிய பாக்கியும் முடங்கும். ஆகவே 30 நாளுக்குள் பெட்டி பிரிக்காத உருப்படிக்கு நிறம் மாற்றித் தருவது இரு தரப்புக்கும் லாபம். சரக்கைத் திருப்பும்போது கிரெடிட் நோட்டு வாங்க மறக்க வேண்டாம்; ஜி.எஸ்.டி. கணக்குக்கு அது அவசியம்.

5. பக்கத்து ஊர்க் கடைகளுடன் மாற்றிக் கொள்ளுங்கள். தக்கலையில் தேங்கிய பச்சை மார்த்தாண்டத்தில் தேவைப்படலாம். போட்டிக் கடை என்று தயங்க வேண்டியதில்லை. வரிக் கணக்கில் குழப்பம் வராமல் பில் போட்டே மாற்றிக் கொள்ளலாம்.

6. வெயில் படும் இடத்தில் வண்ணச் சரக்கை வைக்காதீர்கள். வெயிலில் சிவப்பு வெளுக்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். கடலோரக் கடைகளில் பளபளப்பு முலாம் பூசிய பாகங்கள் உப்புக் காற்றில் புள்ளி விழும். பார்வைக்கு ஒரு உருப்படியை வைத்து விட்டு மற்றவற்றை உறையோடு உள்ளே வையுங்கள்.

7. தேங்கிய நிறத்தைச் சீக்கிரம் தள்ளுங்கள். பத்து ரூபாய் குறைத்தால் நிறம் பார்க்காமல் எடுப்பவர்கள் எப்போதும் உண்டு. கம்பெனி மாடலை மாற்றி விட்டால் அந்த வாய்ப்பும் போய் விடும்.

வாடிக்கையாளர் நிறம் கேட்பது அவர் உரிமை. நல்ல நிறம் நாலு பேரைக் கடைக்குள் அழைத்து வரும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கேட்கிற நிறம் எல்லாம் நம் கடையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரிய அங்காடிகளும் வீட்டு வாசலுக்கே பொருள் கொண்டு வரும் கம்பெனிகளும் நூறு நிறம் காட்டலாம். அவர்களுடைய கிடங்கு வேறு, முதல் வேறு. நம் பலம், தெருவில் யாருக்கு என்ன போகும் என்று தெரிந்து வைத்திருப்பது. அந்த அறிவை ஒரு நோட்டில் எழுதி வைத்து, அதைப் பார்த்துச் சரக்கு எடுப்போமானால், அலமாரியில் தூங்கும் முதல் கல்லாவுக்கு வரும்.